இரு முகக் கொடி தைப்பது எப்படி: முன்புறம் ஒரு சின்னம், பின்புறம் வேறொரு சின்னம்

பள்ளி விளையாட்டு விழா, திருவிழா ஊர்வலம், மலையேற்றக் குழு எனப் பல தேவைகளுக்காக நீலகிரியில் இரு பக்கமும் வெவ்வேறு சின்னம் கொண்ட கொடியைக் கேட்கிறார்கள். ஒரு பக்கம் பள்ளியின் முத்திரை, மறுபக்கம் அணியின் சின்னம். அல்லது ஒரு பக்கம் மாதா, மறுபக்கம் பங்கின் பாதுகாவலரான புனிதர். ரவிக்கையும் சுடிதாரும் அழகாகத் தைப்பவர்கள்கூட முதல் இரு முகக் கொடியில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய தையலில் குறை இருப்பதில்லை; வேலைகளைச் செய்யும் வரிசைதான் மாறிவிடுகிறது.

இந்த வேலையில் மாறாத விதிகள் இரண்டு. எல்லா அளவுகளையும் கம்பத்தின் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். ஒவ்வொரு முகத்தையும் தனியாக, முழுவதுமாக முடித்த பிறகே இரண்டையும் இணைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த இரண்டையும் காப்பாற்றுவதற்காக வகுக்கப்பட்டவை.

விளக்கத்துக்காக ஒரே கொடியைத் தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்துக்கொள்கிறேன். மலையேற்றக் குழு ஒன்றுக்கான கொடி அது. நீளம் 36 அங்குலம், உயரம் 24 அங்குலம், கரும்பச்சைத் தளம், அதில் 14 அங்குல விட்டமுள்ள வெள்ளை வட்டம். முன்முக வட்டத்தில் வரையாட்டின் தலை. பின்முக வட்டத்தில் குறிஞ்சிக் கொத்து. வட்டத்துக்குக் கீழே, இரு முகங்களிலும், குழுவின் பெயர்.

1. தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கொடி எங்கே பறக்கப்போகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சுவரை ஒட்டித் தொங்கவிடப் போகிறார்கள் என்றால் பின்முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த உழைப்பு வேண்டாம் என்று கேட்பவரிடம் சொல்லிவிடுவதே முறை. திடலின் நடுவில் கம்பத்தில் ஏற்றுவதற்கா, ஊர்வலத்தில் கையில் ஏந்திச் செல்வதற்கா என்பதும் தெரிய வேண்டும். கம்பத்துக்குக் கயிறு செல்லும் பட்டி தேவை. கையில் ஏந்துவதற்குக் கம்பைச் செருகும் உறை தேவை. இதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டால், அதற்கான துணியை வெட்டும்போது ஒதுக்கியிருக்க மாட்டீர்கள்.

இரண்டாவது கேள்வி சட்டம் சார்ந்தது. தேசியக் கொடியின் ஒரு பக்கத்தில் மன்றத்தின் சின்னத்தையோ பெயரையோ சேர்த்துத் தரும்படி சிலர் கேட்பதுண்டு. 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு தேசியக் கொடியில் எழுத்து எதையும் அனுமதிப்பதில்லை. 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம் இரு பக்கமும் முழுமையாகத் தெரிய வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆகவே தேசியக் கொடியை இரு முகக் கொடியாக மாற்றுவதற்கு இடமே இல்லை. நான்கு சிங்க அரசுச் சின்னத்தை மன்றக் கொடியில் வைப்பதையும் தவிர்க்க வேண்டும். அதன் தவறான பயன்பாட்டைத் தடுக்க 2005ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது.

2. இரு முகங்களுக்கும் பொதுவானதை முதலில் வரையுங்கள்

புதியவர்கள் இரண்டு தனித்தனி ஓவியங்களை வரைந்துகொண்டு வருகிறார்கள். முன்புறம் நீலத் தளம், பின்புறம் மஞ்சள் தளம்; முன்புறம் கிடைப்பட்டைகள், பின்புறம் செங்குத்துப் பட்டைகள். தாளில் அது நன்றாக இருக்கும். துணியில் நீலம் மஞ்சளை ஊடுருவிப் பச்சையாகத் தெரியும். பட்டைகளின் நிழல் ஒன்றன் மீது ஒன்று குறுக்கே விழும். அடுக்குகளைப் பிடித்து நிறுத்தத் தையல் போடவும் பொதுவான கோடு கிடைக்காது.

நிலைத்துப் பயன்பாட்டில் இருக்கும் இரு முகக் கொடிகளைப் பாருங்கள். பராகுவே நாட்டின் தேசியக் கொடியில் சிவப்பு, வெள்ளை, நீலக் கிடைப்பட்டைகள் இரு முகங்களிலும் ஒன்றே. நடுவில் உள்ள வட்டச் சின்னம் மட்டும் மாறுகிறது: முன்முகத்தில் விண்மீனைச் சூழ்ந்த இலைக்கிளைகள், பின்முகத்தில் சிங்கத்துடன் கூடிய கருவூல முத்திரை. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 1925இல் ஏற்ற கொடியில் இரு முகங்களிலும் ஒரே கருநீலத் தளமும் பொன்னிறச் சின்னமும்தான்; முன்புறம் கேடயம், பின்புறம் பீவர் என்னும் நீர்வாழ் விலங்கு. தளம் பொதுவாக இருப்பதாலும், மாறும் பகுதி ஓரிடத்தில் அடங்கியிருப்பதாலும் இந்த இரண்டையும் தைக்க முடிகிறது.

எனவே தளத்தின் நிறம், பட்டைகள், சின்னம் அமரும் வட்டம் ஆகியவற்றை இரு முகங்களுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, வட்டத்துக்கு உள்ளே மட்டும் மாற்றம் செய்யுங்கள். தளம் அடர்நிறமாக இருந்தால் பாதிச் சிக்கல் அப்போதே தீர்ந்துவிடும், ஏனெனில் கரும்பச்சைக்குப் பின்னால் கரும்பச்சை இருப்பதை எந்த வெயிலும் காட்டிக்கொடுக்காது. வெளிர்நிறத் தளம்தான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு முழு அளவில் ஒரு நடு அடுக்கு வைக்க வேண்டியிருக்கும் என்பதையும், அதனால் கொடி கனக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. கம்பக் கோட்டைக் குறியுங்கள்

இந்த வழிகாட்டியில் மிகவும் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். பெரும்பாலான கொடிகள் கெடுவது இங்கேதான். கெட்டது தெரியவருவது எல்லாம் தைத்து முடிந்த பிறகு.

கொடியின் முன்முகத்தைப் பார்ப்பவருக்குக் கம்பம் இடப்புறம் இருக்கும். அதே கொடியின் பின்முகத்தைப் பார்ப்பவருக்குக் கம்பம் வலப்புறம் இருக்கும். இதை எல்லோரும் தலையசைத்து ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் மேசையில் துணியை விரித்ததும், பழக்கத்தினால் இரண்டு முகங்களுக்கும் இடப்பக்கத்திலிருந்தே அளவெடுக்கிறார்கள். நமது கொடியில் வட்டத்தின் மையம் கம்பப் பக்கத்திலிருந்து 15 அங்குலத்தில் இருக்க வேண்டும். இரு முகங்களிலும் இடமிருந்து 15 அங்குலம் அளந்தால், பின்முக வட்டம் கம்பத்திலிருந்து 21 அங்குலத்துக்குப் போய்விடும். முகங்களை இணைக்கும்போது இரு வட்டங்களுக்கும் இடையே 6 அங்குல விலகல் இருக்கும். பிரித்துத் தைக்கவும் முடியாது, ஏனெனில் வட்டத்துக்குப் பின்னால் உள்ள தளத்துணியை அதற்குள் வெட்டியிருப்பீர்கள்.

இதைத் தடுக்கும் வழி எளிது. இரண்டு காகிதங்களில் கொடியை முழு அளவில் வரையுங்கள். ஒன்றில் இடப்புறமும் மற்றொன்றில் வலப்புறமும் தடித்த சிவப்புக் கோடு போட்டு, 'கம்பம்' என்று எழுதுங்கள். அதுவே கம்பக் கோடு. மேல் விளிம்பில் அம்புக்குறி இட்டு 'மேலே' என்றும் எழுதுங்கள். இனி எந்த அளவும் அந்தச் சிவப்புக் கோட்டிலிருந்துதான். வரைந்து முடித்ததும் இரு காகிதங்களையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் பிடியுங்கள். சிவப்புக் கோடுகளும் வட்டங்களும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்த வேண்டும்; இரண்டு 'மேலே' குறிகளும் ஒரே விளிம்பில் இருக்க வேண்டும். கொடியைப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது போலத்தான் பின்புறம் திருப்ப வேண்டும். மேலிருந்து கீழாக மடித்துத் திருப்பினால் பின்முகச் சின்னம் தலைகீழாக வந்துவிடும்.

விலங்குகளின் முகம் கம்பத்தை நோக்கி இருப்பதே மரபு. கொடியை ஏந்திச் செல்பவர் முன்னேறும்போது கம்பம் முன்னும் துணி பின்னும் செல்கிறது. விலங்கு கம்பத்தைப் பார்த்திருந்தால்தான் அதுவும் முன்னே செல்வதாகத் தோன்றும். முன்முகத்தில் வரையாடு இடப்புறம் நோக்கும். பின்முகத்திலும் ஒரு விலங்கு இருக்குமானால் அது வலப்புறம் நோக்க வேண்டும். இரு புலிகளும் இடப்புறமே பார்க்கும்படி தைத்த அணிக்கொடியில், பின்முகத்துப் புலி பின்வாங்கி ஓடுவது போலத் தெரியும்.

எழுத்து மட்டும் இதற்கு விலக்கு. அது இரு முகங்களிலும் நேராகவே படிக்கப்பட வேண்டும். சவூதி அரேபியக் கொடியில் இரு முகங்களும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும், அதை இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைப்பதற்குக் காரணம் இதுதான். அதிலுள்ள மறை வாசகம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வலமிருந்து இடமாகச் சரியாகப் படிக்கப்பட வேண்டும்.

4. துணியும் பொருள்களும்

மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறங்கும்போது எல்லாவற்றையும் ஒரே முறையில் வாங்கிவிடுவது நல்லது. தளத்துக்கான பச்சையைப் பாதி இங்கேயும் பாதி அங்கேயும் வாங்கினால் இரு முகங்களின் நிறமும் ஒத்துப்போகாது.

தளத்துக்கு மெல்லிய பாலியஸ்டர் டஃபெட்டா ஏற்றது. அது நனைந்தாலும் அதிகம் நீர் குடிப்பதில்லை, சீக்கிரம் உலரும். முதல் கொடியைத் தைப்பவர்கள் பாப்ளினில் தொடங்கலாம், அது கைக்குள் அடங்கும். சாட்டின் பளபளப்பாக இருந்தாலும் வழுக்கும், இழை இழுபடும். ஊர்வலக் கொடிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். 44 அங்குல அகலத் துணியில் கொடியின் நீளத்தை அகலவாட்டில் வைத்தால் இரு முகங்களுக்கும் ஒன்றரை மீட்டர் போதும்.

வட்டங்களுக்கு அடர்ந்த நெசவுள்ள வெள்ளைத் துணி, சின்னங்களுக்கு வேண்டிய நிறத் துண்டுகள், கம்பப் பட்டிக்குக் கேன்வாஸ், பாலியஸ்டர் நூல், 12 அல்லது 14 எண் ஊசி, கேன்வாஸுக்கு 16 எண் ஊசி, தையல் சாக்கு, பட்டர் பேப்பர் ஆகியவை தேவை. பருத்தி நூலைத் தவிர்த்துவிடுங்கள். நம் பனியிலும் மழையிலும் அது முதலில் இற்றுப்போகும்.

வெளிச்சத்தைத் தடுக்கும் நடுத்துணிக்கு நான் பரிந்துரைப்பது ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளிப் பூச்சும் உள்ள குடைத் துணி. இது இலேசானது, ஈரத்தை ஏற்காது. புதியவர்கள் பக்ரத்தையும் ரவிக்கைக் கழுத்துக்கு வைக்கும் கேன்வாஸையும் நடுவில் வைத்துவிடுகிறார்கள். அவை விறைப்பைத் தருமே தவிர வெளிச்சத்தை மறைப்பதில்லை. விறைப்பான கொடி அலை அலையாகப் பறக்காமல் பலகையைப் போல நிற்கும்.

கனத்தைப் பற்றி ஒரு கணக்கு. இந்த அளவுக் கொடியின் ஒரு அடுக்கு ஏறத்தாழ 0.56 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 100 கிராம் உள்ள துணியானால் ஒரு அடுக்கு 56 கிராம். மூன்று முழு அடுக்குகள் 168 கிராம். மூன்று மடங்கு கனம் என்றால், மெல்லிய காற்றில் ஒற்றைத் துணிக் கொடிகள் பறக்கும்போது இது மட்டும் கம்பத்தோடு ஒட்டிக்கிடக்கும். அதனால்தான் நடுத்துணியை வட்டத்தின் அளவுக்கு மட்டும் வைக்கிறோம்.

5. வெட்டுவதற்கு முன் மூன்று சோதனைகள்

முதலாவது, சுருங்கும் சோதனை. பருத்தி கலந்த எந்தத் துணியையும் ஓர் இரவு ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். வெளித்துணி பாலியஸ்டராகவும் உள்ளே வைத்தது நனைக்காத காடாத் துணியாகவும் இருந்தால், முதல் மழையில் உள்துணி சுருங்கி வெளித்துணி முழுவதும் சுருக்கம் விழும். அதை எந்த இஸ்திரியும் நிமிர்த்தாது.

இரண்டாவது, சாயச் சோதனை. ஒவ்வொரு நிறத் துண்டையும் நனைத்து வெள்ளைத் துணியின் மீது வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கறை படிந்தால் அந்தத் துணி வேண்டாம். சமவெளியில் பல மாதம் கெடாமல் இருக்கும் மலிவான சிவப்பு, குன்னூர் மூடுபனியில் ஒரே மாலையில் வெள்ளை வட்டத்துக்குள் இறங்கிவிடும்.

மூன்றாவது, வெளிச்சச் சோதனை. வெள்ளைத் துணி, நடுத்துணி, வெள்ளைத் துணி என்ற வரிசையில் அடுக்கி, பின்பக்கம் சின்னத்தின் ஒரு துண்டை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இதை மூடுபனி சூழ்ந்த பிற்பகலில் செய்யக்கூடாது. அந்த மங்கல் வெளிச்சத்தில் எந்தத் துணியும் தேறிவிடும். மறுநாள் காலைப் பத்து மணி வெயிலில் குறிஞ்சிக் கொத்தின் நிழல் வரையாட்டின் நெற்றியில் தெரியும். மேகமில்லாத நேரத்தில், துணிக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி பிடித்துப் பார்ப்பதே உண்மையான சோதனை. குடைத் துணியின் கறுப்புப் பக்கம் வெள்ளைத் துணியைத் தொட்டால் வட்டம் சாம்பல் பூத்துத் தெரியும். ஆகவே இரண்டு குடைத்துணி வட்டங்களை வெட்டி, கறுப்புப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படியும் வெள்ளிப் பக்கங்கள் வெளியே இரு முகங்களைப் பார்க்கும்படியும் வையுங்கள்.

6. வெட்டுதல்

ஒவ்வொரு முகமும் 37½ அங்குல நீளம், 25 அங்குல உயரம். உயரத்தில் மேலும் கீழும் அரை அங்குலம் தையலுக்கு. நீளத்தில், கம்பத்துக்கு எதிர்ப்பக்கமான பறக்கும் முனையில் அரை அங்குலம், கம்பப் பக்கத்தில் ஓர் அங்குலம் பட்டிக்குள் செல்வதற்கு. கம்பப் பக்க வெட்டு விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே சாக்கினால் இடும் கோடுதான் துணியில் உங்கள் கம்பக் கோடு.

இரு முகங்களும் ஒரே இழைவாட்டத்தில் வெட்டப்பட வேண்டும். துணியை மிச்சப்படுத்துவதற்காக ஒன்றை நீளவாட்டிலும் மற்றதை அகலவாட்டிலும் வெட்டினால், காற்றில் இரண்டும் வெவ்வேறு அளவில் இழுபட்டு ஒரு முகம் தொங்கிப்போகும். துணியின் கரைப்பகுதியையும் வெட்டி நீக்கிவிடுங்கள். அதன் நெசவு இறுக்கமாக இருப்பதால் விளிம்பு சுருங்கும்.

7. ஒவ்வொரு முகத்தையும் தனியாக முடியுங்கள்

சின்னத்தை முதலில் வெள்ளை வட்டத்தின் மீது தையுங்கள். பிறகு வட்டத்தைத் தளத்தின் மீது தையுங்கள். சிறிய துண்டை ஊசியின் கீழ் திருப்புவது எளிது. தளத்தோடு சேர்த்த பிறகு வரையாட்டின் கொம்பு வளைவைத் தைக்க முழுத் துணியையும் சுழற்ற வேண்டியிருக்கும்.

ஜிக்ஜாக் மெஷின் இருந்தால் நெருக்கமான ஜிக்ஜாக் தையலால் ஓரங்களை மூடலாம். துணிக்கு அடியில் செய்தித்தாள் வைத்துத் தைத்தால் சுருக்கம் விழாது. பிறகு தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். நேர்த்தையல் மட்டுமே உள்ள மெஷினில் ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்து விளிம்பையொட்டித் தையுங்கள். இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் ஃபியூசிங் தாளை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். ஈரமும் வெயிலும் மாறி மாறிப் படும்போது அது உரிந்துவிடும்.

எழுத்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஃபியூசிங் தாளைத் துணியின் பின்பக்கத்தில் வைத்து வரைவதால், எழுத்தைத் திருப்பி வரைந்தால்தான் முன்பக்கத்தில் நேராக வரும். பலர் 'ப' போன்ற எழுத்தில் தொடங்குகிறார்கள். அது திருப்பினாலும் அப்படியே இருப்பதால் தவறு தெரிவதில்லை. 'ட', 'க' என்று வரும்போதுதான் இடவல மாற்றம் புலப்படும், அதற்குள் பாதிப் பெயர் வெட்டப்பட்டிருக்கும். ஆகவே பெயரிலேயே மிகவும் சமச்சீரற்ற எழுத்தை முதலில் வெட்டிச் சரிபாருங்கள். புள்ளி வைத்த எழுத்துகளின் புள்ளியைத் தனித் துண்டாக வைக்காமல் நூலால் நிரப்புவது நல்லது, ஏனெனில் சிறு துண்டு முதலில் பிய்ந்துபோகும்.

வட்டத்தைத் தளத்தின் மீது தைத்ததும், முகத்தைத் திருப்பி, வட்டத்துக்குப் பின்னால் உள்ள பச்சைத் துணியைத் தையலுக்கு உள்ளே கால் அங்குலம் விட்டு வெட்டி எடுத்துவிடுங்கள். அது அங்கேயே இருந்தால் வெள்ளை மங்கித் தெரியும், கனமும் கூடும். கத்தரிக்கோலின் மொட்டை முனை கீழே இருக்கும்படி பிடியுங்கள்.

இந்தக் கட்டத்தில் இரண்டு முகங்களும் முழுமையாக முடிந்திருக்க வேண்டும். "இணைத்த பிறகு பின்முக எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம்" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. இணைத்த பிறகு போடும் எந்தத் தையலும் மறுமுகத்தில் தெரியும். குறிஞ்சிக் கொத்தின் ஊதா நூல் வரையாட்டின் மூக்கில் கோடு கோடாக வந்து நிற்கும்.

இரு பக்கமும் பயன்படுத்தும்படி ஒரே துணியில் வேலை செய்யும் கலை நம் மலையிலேயே இருக்கிறது. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் இழைகளை எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகச் செய்யும் பூத்தையலை இரு பக்கமும் திருப்பிப் போர்த்திக்கொள்ளலாம். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அங்கே இரு பக்கமும் ஒரே வடிவத்தின் இரு தோற்றங்கள்தாம். வேறு வேறு படம் வேண்டுமானால் அடுக்கு வைத்துத் தைப்பதைத் தவிர வழியில்லை.

8. நடுத்துணியை வைத்து முகங்களை இணைத்தல்

குடைத்துணி வட்டங்களை 14½ அங்குல விட்டத்தில் வெட்டுங்கள். வெள்ளை வட்டத்தைவிட எல்லாப் பக்கமும் கால் அங்குலம் வெளியே நீண்டிருந்தால்தான் வெளிச்சம் விளிம்பு வழியாகக் கசியாது. அந்த மிகுதியைப் பச்சைத் தளம் மறைத்துவிடும். இரண்டையும் முன்முகத்தின் உட்புறத்தில் வைத்து, பச்சைத் தளத்தின் உட்பகுதியோடு மட்டும் கையால் தளர்வான ஓட்டுத் தையல் போட்டு நிறுத்துங்கள். இதன் மீது இஸ்திரி படக்கூடாது, பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும்.

இப்போது இரு முகங்களின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி அடுக்குங்கள். கம்பக் கோடு கம்பக் கோட்டின் மீதும், 'மேலே' குறி 'மேலே' குறியின் மீதும் இருக்க வேண்டும். வட்டத்தின் விளிம்பில் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களில் குண்டூசியை நேராகக் குத்தி மறுபக்கம் எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். அடுத்த முகத்தின் வட்ட விளிம்பிலேயே அது வெளிவர வேண்டும். ஒரு நூல் அகலம் விலகியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் துணியை நகர்த்திச் சரிசெய்யுங்கள். இதற்குப் பொறுமை இல்லாமல் தைக்கப் போகிறவர்கள்தான் அடுத்த படியில் சிக்கிக்கொள்கிறார்கள்.

மேல், பறக்கும் முனை, கீழ் ஆகிய மூன்று பக்கங்களை அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். கம்பப் பக்கத்தைத் திறந்தே விடுங்கள். கீழ் விளிம்பில், பறக்கும் முனையை ஒட்டி, விரல்நுனி அளவுக்குத் தைக்காமல் விடுங்கள். இரு அடுக்குகளுக்கு இடையே தேங்கும் நீர் வடிவதற்கான வாய் அது; இனி அதை 'வடிவாய்' என்கிறேன். மூலைகளைச் சாய்வாக நறுக்கி, கம்பப் பக்கத் திறப்பு வழியாகக் கொடியை வெளியே திருப்பி, மூலைகளைப் பென்சிலின் மொட்டை முனையால் தள்ளி எடுங்கள். பிறகு வடிவாயை மட்டும் விட்டுவிட்டு விளிம்பையொட்டி ஒரு தையல் சுற்றிலும் போடுங்கள்.

9. அடுக்குகளைப் பிடித்து நிறுத்தும் வட்டத் தையல்

இப்போது கையில் இருப்பது உண்மையில் ஒரு பை. இப்படியே ஏற்றினால் காற்று உள்ளே புகுந்து ஊதும். இரு முகங்களும் தனித்தனியாக அசைந்து ஒன்றையொன்று உரசும். வெள்ளை வட்டத்தின் வெளிவிளிம்பை ஒட்டி, பச்சைத் தளத்தின் மீது, எல்லா அடுக்குகளையும் சேர்த்து ஒரு வட்டத் தையல் போடுங்கள். மேல்நூலும் பாபின் நூலும் ஒரே கரும்பச்சையாக இருக்க வேண்டும். இரு வட்டங்களும் சரியாகப் பொருந்தியிருப்பதால் இந்தத் தையல் எந்த முகத்திலும் கண்ணுக்குப் படாது. பொதுவான வட்டத்தை வடிவமைப்பிலேயே வைத்ததன் பலன் இங்கேதான் கிடைக்கிறது.

தையலின் நீளம் 3 மில்லிமீட்டர் இருக்கட்டும். மிகவும் நெருக்கமாகத் தைத்தால் ஊசித்துளைகள் வரிசையாகச் சேர்ந்து, அந்தக் கோட்டிலேயே துணி கிழியும். பட்டைகள் கொண்ட கொடியானால், பட்டைகள் சேரும் கோட்டிலும் இப்படியே தைக்கலாம்.

10. பறக்கும் முனையும் கம்பப் பட்டியும்

கொடி முதலில் கிழிவது பறக்கும் முனையில். சாட்டை வீசுவது போன்ற அடி முழுவதும் அங்கேதான் விழுகிறது. அந்த விளிம்பில் கால் அங்குல இடைவெளியில் நான்கு வரிசைத் தையல் போடுங்கள். இரு மூலைகளிலும் குறுக்காக ஒரு சிறு முக்கோணத் தையலும் சேருங்கள்.

கம்பப் பட்டிக்குக் கேன்வாஸை 5 அங்குல அகலம், 25 அங்குல நீளத்தில் வெட்டுங்கள். எல்லா விளிம்புகளையும் அரை அங்குலம் உள்ளே மடித்து, நீளவாட்டில் இரண்டாக மடித்தால் 2 அங்குல அகலப் பட்டி கிடைக்கும். கொடியின் திறந்த பக்கத்தை அதற்குள் சரியாகக் கம்பக் கோடு வரை, அதாவது ஓர் அங்குலம், செருகி இரண்டு வரிசைத் தையல் போடுங்கள். மீதி ஓர் அங்குலத்தில் கயிறு செல்லும். வளையம் அடிக்க வேண்டுமானால் தார்ப்பாய்க் கடையில் பித்தளை வளையமாகக் கேளுங்கள். இரும்பு வளையத்தின் துரு நம் ஈரத்தில் சீக்கிரமே துணியில் வழிந்து கறையாகும். கையில் ஏந்தும் கொடிக்குக் கம்பின் சுற்றளவை அளந்து, அதற்கேற்பப் பட்டியின் அகலத்தைக் கூட்டி, மேல்வாயைத் தைத்து மூடிவிடுங்கள்.

முடிவில் பட்டியின் மேல்முனையில் சிவப்பு நூலால் ஓர் அடையாளம் தையுங்கள். அவசரத்தில் கொடியேற்றுபவர் மடித்த துணியைப் பார்த்து மேல் எது, கீழ் எது என்று அறிவதற்கு அதைவிட நல்ல உதவி இல்லை.

11. ஏற்றுதல், உலர்த்துதல், பழுது பார்த்தல்

திடலில் தேசியக் கொடியும் ஏற்றப்படும் நாளில், வேறு எந்தக் கொடியையும் அதற்கு மேலோ அதன் அருகில் அதே உயரத்திலோ வைக்கக்கூடாது. உங்கள் கொடிக்குத் தனியாக, தாழ்வான கம்பம் நடச் சொல்லுங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூரிலும் உதகையிலும், வடகிழக்குப் பருவமழை நேரத்தில் குன்னூரிலும் கோத்தகிரியிலும், இரு முகக் கொடியை நிகழ்ச்சி முடிந்ததும் இறக்கிவிடுங்கள். நனைந்த இரட்டைத் துணி காற்றில் அடிபடும்போது விளிம்புத் தையலின் மீது விழும் இழுப்பு மிக அதிகம்.

இறக்கிய கொடியை ஈரத்தோடு மடித்து வைத்தால், நம் ஊர் அலமாரியில் சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடிக்கும். வடிவாய் கீழே இருக்கும்படி துணி காயப்போடும் கயிற்றில் தொங்கவிட்டு நீரை வடியவிடுங்கள். வெளித்துணி உலர்ந்துவிட்டது என்று எடுத்துவிடாமல், வட்டப் பகுதியை இரு உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து அழுத்திப் பாருங்கள். குளிர்ச்சி தட்டினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. நன்கு உலர்ந்ததும், துணிக்கடைகளில் கிடைக்கும் காலி அட்டைக் குழாயில் சுற்றி வையுங்கள். மடித்தால் குடைத் துணியின் பூச்சு மடிப்புக் கோட்டில் வெடித்து, அந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவும்.

பறக்கும் முனையில் நூல் பிரியத் தொடங்கியதும் தாமதிக்காமல் அந்த விளிம்பை அரை அங்குலம் வெட்டி, உள்ளே மடித்து, மீண்டும் நான்கு வரிசை தையுங்கள். எல்லா அளவுகளும் கம்பக் கோட்டிலிருந்து எடுக்கப்பட்டிருப்பதால், முனை சற்றுக் குறைந்தாலும் வட்டம் இடம் மாறுவதில்லை. வட்டத்தைச் சுற்றிய தையல் விட்டுப்போனால் பழைய ஊசித்துளைகளிலேயே கையால் தையுங்கள். மெஷினில் போட்டால் புதிய துளைகள் பழையவற்றின் அருகில் விழுந்து துணி கிழியும்.